சுகாதாரத் துறைப் பதிவேடுகளும் நம் பிள்ளைகளின் பயிற்சிப் பணியும்



கல்லூரிகளில் கோடை விடுமுறைக்கு முன்பாகப் பயிற்சிப் பணிக்கு இடம் தேடும் காலம் இது. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், புள்ளியியல் ஆகியவற்றைப் படிக்கும் பிள்ளைகள் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பணியாற்றிச் சான்று பெற்று வர வேண்டும். பெற்றோர்களில் பலர் இதுகுறித்து மதரஸா ஆசிரியர்களாகிய எங்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். சென்னையில் உள்ள மென்பொருள் நிறுவனம் கிடைத்தால் மகிழ்ச்சி. பெங்களூரு என்றால் அதனினும் மகிழ்ச்சி. இரண்டும் கிடைக்காவிடில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சான்று வாங்கிவிடலாம் என்பதே பெரும்பாலோரின் எண்ணம். அரசின் பொதுச் சுகாதாரப் பிரிவில் பழைய பதிவேடுகளைப் புதிய கணினி முறைக்கு மாற்றும் பணி என்று ஒன்று வந்தால், அதை யாரும் கையில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும், அப்பணியில் எனக்கு உடன்பாடில்லாத சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மதரஸாவில் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவி ஒருவர், தற்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவர், கடந்த ஆண்டு தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் சுகாதாரப் பிரிவில் எட்டு வாரங்கள் இத்தகைய பயிற்சியில் இருந்தார். ஊதியம் கிடையாது. "ஹஜ்ரத், பழைய ரிஜிஸ்டரில் தூசி தட்டுவதற்கா நான் நான்கு லட்சம் கட்டிப் படிக்க வைக்கிறேன்?" என்று அவருடைய வாப்பா என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தத் தூசிக்கு அடியில் இருந்தது என்ன என்பதை அந்த மாணவி வாரந்தோறும் தம் உம்மாவுடன் வந்து என் மனைவியிடமும் என்னிடமும் விவரித்தபோது, மதரஸாவில் நான் இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஒரு கலைக்கு அது எவ்வளவு நெருக்கமானது என்பது புரிந்தது.

முதலில் பணி என்னவென்று பார்ப்போம். அந்த அலுவலகத்தில் மூன்று தலைமுறைப் பதிவுகள் இருந்தன. கைகளால் எழுதப்பட்ட தடித்த பேரேடுகள். இரண்டாயிரத்துக்குச் சற்று முன்பும் பின்பும் டிபேஸ் போன்ற பழைய மென்பொருளில் ஏற்றப்பட்ட தரவுகள். அதன்பின் ஆளுக்கொரு முறையில் நிரப்பப்பட்ட எக்செல் தாள்கள். பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண்களின் பரிசோதனை, காய்ச்சல் கண்டவர்களின் முகவரி என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத உறவினர்களைப் போல அவை ஒரே கூரையின் கீழ் இருந்தன. இவற்றை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, ஒரு மனிதருக்கு ஓர் அடையாள எண் என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருவதே பயிற்சியாளர்களின் வேலை.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பழைய தமிழ்த் தரவுகளைத் திறந்தால் தமிழே தெரிவதில்லை. யூனிகோடு முறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில் என்று பல எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அப்பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். 1999-இல் அரசே டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. பின்னர் 2010-இல் யூனிகோடு முறைக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளின் தரவுகளை, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று கண்டறிந்து, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

அடுத்தது தேதி. 03-04-2008 என்று இருந்தால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? ஒரு கணினி நாளை முன்னே வைக்கும். இன்னொன்று மாதத்தை முன்னே வைக்கும். பதின்மூன்றாம் தேதி முதல் குழப்பமில்லை, ஏனெனில் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. முதல் பன்னிரண்டு நாட்களில் பிறந்த குழந்தைகளுக்குத்தான் சோதனை. இதற்கு அந்த மாணவி கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. பேரேட்டில் பதிவு எண்கள் வரிசையாகச் செல்கின்றன. ஐயத்திற்குரிய பதிவுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் தேதிகளைப் பார்த்தால், நடுவில் இருப்பது எந்த மாதம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்டை வீட்டாரின் சாட்சியம் என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பழையது கிடந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். கொரோனா தொற்று உறுதியானவர்களின் விவரங்களை ஆய்வகங்கள் அனுப்ப, அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியது. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள் மட்டுமே இடமுண்டு. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேர் நிறைந்ததும் மீதிப் பெயர்கள் ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களுக்குச் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய பணி நாள்கணக்கில் தாமதமாயிற்று. அந்த நாட்களில் எத்தனை பேர் தமக்குத் தெரியாமலேயே முதிய பெற்றோரின் அருகில் அமர்ந்து உணவருந்தியிருப்பார்கள்! பணவசதியும் அறிவியல் வளர்ச்சியும் மிக்க ஒரு நாட்டில், மருந்தோ மருத்துவரோ இல்லாமையால் அன்று, பழைய கோப்பு வடிவம் ஒன்றினால் நேர்ந்த இடர் இது.

நம் மாநிலத்திலும் 2020 ஜூலையில் சென்னையின் இறப்புப் பதிவுகளை மருத்துவமனைக் கணக்குகளோடு குழு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தபின், முன்னர் கணக்கில் வராத 444 இறப்புகள் கொரோனா இறப்புகளாகச் சேர்க்கப்பட்டன. இரண்டு பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்த்ததன் பயன் அது. அந்த 444 பேரும் யாரோ ஒருவரின் வாப்பா, யாரோ ஒருவரின் உம்மா, யாரோ ஒருவரின் பிள்ளை. இறப்புக்குக் காரணம் சரியாகப் பதியப்படுவது அக்குடும்பங்கள் நிவாரணம் கோருவதற்குத் துணையாக இருந்தது. கணக்கு என்பதை எண்களின் விளையாட்டாக மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருகிறேன்: பெயர்.

அந்த நகராட்சியின் பழைய தரவுத்தளத்தில் பெயருக்கு 15 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆங்கில எழுத்துகளில் ஏற்றியிருக்கிறார்கள். முகமது அப்துல் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டால் 14 இடங்கள் முடிந்துவிடும். பதினைந்தாவது இடத்தில் ஆர் என்ற ஒற்றை எழுத்து நிற்கும். அவர் அப்துல் ரஹ்மானா, அப்துல் ரஹீமா, அப்துல் ரஷீதா? அப்துல் என்றால் அடியான் என்று பொருள். யாருடைய அடியான் என்று சொல்லும் இடத்தில் கணினி வாயை மூடிக்கொண்டது. இவ்வாறு துண்டிக்கப்பட்ட பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன என்று அந்த மாணவி சொன்னபோது, சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

துண்டிக்கப்படாத பெயர்களின் நிலையும் அவ்வளவு நன்றாக இல்லை. முஹ்யித்தீன், முகைதீன், மொகிதீன், மைதீன், மொய்தீன்: ஒரே மனிதரை ஐந்து எழுத்தர்கள் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஜைனப் என்பது ஜெய்னம்பு ஆகி, செய்னம்பு ஆகியிருக்கும். தமிழின் ஒரே ப எழுத்தில் பாத்திமாவும் பஷீரும் பாரூக்கும் அடைக்கலம் புகுந்தார்கள். பின்னர் ஆய்த எழுத்தைச் சேர்த்து ஃபாத்திமா, ஃபாரூக் என்று எழுதத் தொடங்கியதும் கணினிக்கு அவர்கள் புதிய மனிதர்களாகத் தோன்றினார்கள். பெண்களுக்கோ திருமணத்திற்கு முன் வாப்பாவின் முதலெழுத்து. பின் கணவரின் முதலெழுத்து. அதோடு பீவி, அம்மாள், நாச்சியார் என்று ஒட்டும் பட்டங்கள் ஒரு தாளில் இருக்கும், மறு தாளில் இருக்காது.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. ஒரே தெருவில் நான்கு முகமது இஸ்மாயில்கள் வாழ்வது நம் ஊர்களில் இயல்பு. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே வீட்டிலேயே இரண்டு இஸ்மாயில்கள் இருப்பார்கள். கணினி அவர்களை ஒருவராகக் கருதிவிட்டால் பாட்டனாரின் இறப்புப் பேரனின் தடுப்பூசிப் பதிவில் ஏறிவிடும்.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இவ்விரு சிக்கல்களும் புதியவை அல்ல. அறிவிப்பாளர்களின் பெயர்கள் ஒன்றாக இருந்து ஆட்கள் வேறாக இருப்பதை முத்தஃபிக் – முஃப்தரிக் என்றும், எழுத்து வடிவத்தில் ஒன்றாகத் தோன்றி உச்சரிப்பில் வேறுபடுவதை முஃதலிஃப் – முக்தலிஃப் என்றும் நம் முன்னோர்கள் தனித் துறைகளாகவே வகுத்தார்கள். ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி அவர்கள் முதல் வகைக்கென்றே பெரிய நூல் ஒன்றை இயற்றினார்கள். அஹ்மத் பின் ஜஅஃபர் பின் ஹம்தான் என்ற பெயரில், தம் பெயரும் தந்தை பெயரும் பாட்டனார் பெயரும் ஒன்றாகவே அமைந்த நான்கு பேர் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். ஒருவர் பக்தாதைச் சேர்ந்த கதீயீ, ஒருவர் பஸராவின் சகத்தீ, ஒருவர் தீனவரீ, ஒருவர் தர்சூசீ. ஊரையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மறைந்த ஆண்டையும் வைத்து அவர்களை அறிஞர்கள் பிரித்தறிந்தார்கள். ஒருவருடைய நம்பகத்தன்மையின் குறை மற்றவர் மீது ஏறிவிடக் கூடாது. ஒருவருடைய சிறப்பும் தவறான ஆளுக்குப் போய்விடக் கூடாது. கணினி இல்லாத காலத்தில், பயணங்கள் பல செய்து, ஒட்டகத்திலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று அவர்கள் ஆற்றிய பணி இது.

பயிற்சிக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் அந்த மாணவி என்னிடம், "இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவை என்று எப்போது முடிவு செய்யலாம், ஹஜ்ரத்?" என்று கேட்டார். பெயர் பொருந்தினால் மட்டும் போதாது; தந்தை பெயர், பிறந்த நாள், தெரு, தாயின் பெயர் ஆகியவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று பாருங்கள்; ஐயம் நீங்காவிட்டால் தீர்ப்புக் கூறாமல் நிறுத்தி வையுங்கள் என்றேன். நம் அறிஞர்கள் இதைத் தவக்குஃப் என்பார்கள். அவருடைய குழுவினர் ஐயத்திற்குரிய இணைகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, எதையும் அழிக்காமல் அதில் வைத்து, அந்தந்தப் பகுதியின் சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிட்டார்கள். வீடு வீடாகச் செல்லும் செவிலியருக்குத் தெரியும், எந்த ஜெய்னம்பு எந்த ஜைனப் என்று. கணினித் துறையினர் சிலர் விரைவை விரும்பி, எழுபது விழுக்காடு பொருந்தினால் இணைத்துவிடு என்று நிரல் எழுதிவிடுவதுண்டு. என் பார்வையில் அது அநீதி. இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஒருவரைப் பின்னர் இணைத்துவிடலாம். தவறாக இணைக்கப்பட்ட இருவரைப் பிரிப்பது மிகக் கடினம். அதற்குள் ஒருவருடைய நோய் இன்னொருவருடைய பதிவில் குடியேறிவிடும்.

இந்த இரட்டைப் பதிவுகளில் ஒரு வகை நம் தமிழ்க் குடும்ப வழக்கத்தாலேயே விளைவது. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீட்டுக்குச் செல்கிறாள். கணவர் ஊரில் கிராம சுகாதார செவிலியர் அவளைப் பதிந்து எண் கொடுத்திருப்பார். ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்ததும், பழைய எண்ணைச் சொல்லத் தெரியாமல், புதிதாகப் பதிந்துகொள்வதும் நிகழும். இப்போது பதிவேட்டில் இரண்டு கர்ப்பிணிகள். ஒருவருக்குக் குழந்தை பிறந்துவிட்டது. மற்றவர் ஏழாம் மாதத்திலேயே காணாமற் போய்விட்டார். இல்லாத பெண்ணைத் தேடி ஒரு செவிலியர் வெயிலில் அலைகிறார். நம் மாநிலத்தில் கர்ப்பப் பதிவு எண், மகப்பேறு உதவித் தொகைக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் தேவைப்படுகிறது. ஆகவே அந்த எண் எழுதிய அட்டையைப் பெண்ணின் துணிப்பெட்டியில் முதலில் வைத்து அனுப்புங்கள் என்று மாமியார்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். பலகாரம் பிறகு வைக்கலாம்.

பதிவு விதி ஒன்று தாய்மார்களின் நடத்தையையே மாற்றிவிடும் என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் நாம் மேடைகளில் அடிக்கடி சொல்லும் நிகழ்ச்சி சான்று. மக்களின் பெயர்களைப் பதிந்து உதவித் தொகை வழங்கும் திவான் முறையை அவர்கள் ஏற்படுத்தினார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்பது முதலில் இருந்த விதி. ஓர் இரவில் இடைவிடாது அழுத குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டபோது, தொகைக்காக முன்கூட்டியே பாலை நிறுத்த முயல்வதாக, கேட்பவர் யாரென்று அறியாமல் அவள் கூறினாள். உமர் (ரலி) அவர்கள் மனம் கலங்கி, பிறந்த உடனேயே தொகை உண்டு என்று விதியை மாற்றினார்கள் என்று இப்னு சஅத் அவர்களின் தபகாத்தில் வருகிறது. இதை நாம் ஆட்சியாளரின் இரக்கத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்கிறோம். பதிவேட்டில் எந்தக் கட்டத்தை நிரப்பினால் யாருக்கு என்ன நேரும் என்று வடிவமைப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. அலுவலகத்தில் அமர்ந்து கட்டாயப் புலம் என்று ஒரு பெட்டியை இளைஞர் ஒருவர் குறித்துவிட்டால், அதை நிரப்ப இயலாத தாய் எங்கோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவாள். அந்தப் பெட்டியைக் குறிக்கும் இடத்தில் அத்தகைய தாயை அறிந்த பிள்ளை ஒருவரும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் பிள்ளைகள் அங்கே செல்ல வேண்டும் என்று நான் சொல்வதன் முதன்மைக் காரணமும் இதுவே.

பதிவு என்றாலே நம்மவர்களில் பலருக்கு அச்சம் வருகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் பேசப்பட்ட 2019, 2020 ஆண்டுகளில் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர்களைக்கூட ஐயத்தோடு பார்த்த வீடுகளை நான் அறிவேன். அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பதிவிலிருந்து விலகி நிற்பதால் அச்சம் தீராது. பெயரும் தேதியும் பிழையாகக் கிடக்கும் பதிவே நம் பிள்ளைகளுக்கு நாளை பெரும் இடையூறு. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி முதலியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் நடுவர் ஆணை வேண்டும். பெயர் சேர்ப்பதற்கு ஓராண்டு வரை கட்டணமில்லை; அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் நாம், அந்தப் பெயரைச் சான்றிதழில் ஏற்ற ஏழாம் வகுப்பு வரை காத்திருப்பது ஏன்? பெயர் சூட்டும் அன்றே, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதி, குடும்பத்தில் எல்லாரும் அதையே பின்பற்றுவதாக முடிவு செய்துகொண்டால், எதிர்காலத்தில் பெயர் திருத்தத்திற்காக அலையும் அலைச்சல் பெருமளவு குறையும்.

அமானிதம் குறித்தும் பேச வேண்டும். சுகாதாரப் பதிவேடு என்பது ஊராரின் மறைவிடம். யாருக்குக் காசநோய், யாருக்குக் கருச்சிதைவு, எந்தக் குழந்தை திருமணமாகி எத்தனை மாதத்தில் பிறந்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். பயிற்சிக்குச் செல்லும் இருபது வயதுப் பிள்ளையின் கண்முன் தன் தெருவே விரிந்து கிடக்கும். முறையாகச் செய்வதென்றால், நிரலைச் சோதிப்பதற்கு உண்மையான பெயர்களைத் தரக் கூடாது. கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரித் தரவையே தர வேண்டும். மெய்யான தரவைக் காண்பவர் யார், எப்போது கண்டார், எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும். நான் கூறும் அலுவலகத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. வேலை முடியவில்லை என்று மாணவி சொன்னபோது, "பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்துவிடும்மா" என்று அங்கிருந்த அலுவலர் அன்போடுதான் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். மாலை நேரங்களில் கூடுதலாக அமர்ந்து அலுவலகத்திலேயே முடித்தார். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர், "நீ அங்கேதானே இருக்கிறாய், இன்னார் மகளுக்கு என்னவாம்?" என்று விசாரித்தபோதும் பேச்சை மாற்றிவிட்டாராம். பிறர் குறையை மறைப்பதன் சிறப்பையும் புறம்பேசுதலின் கேட்டையும் நாம் பாடமாக நடத்துகிறோம். அப்பாடத்திற்குத் தேர்வு நடக்கும் இடங்களில் அரசுப் பதிவறையும் ஒன்று.

தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டம் வந்திருக்கிறது. அதில் அரசுக்குச் சில விலக்குகளும் உண்டு. சட்டம் எவ்வாறாயினும், அனுமதியின்றி ஒருவருடைய நோய்க் குறிப்பை எடுத்துச் செல்லும் உரிமை நமக்கு மார்க்கத்திலும் இல்லை.

மாணவியின் வாப்பாவுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு என்று முதலில் சொன்னேன். நிரந்தர ஊழியர்கள் செய்ய வேண்டிய வேலையை, ஊதியம் இல்லாத மாணவர்களைக் கொண்டு எட்டு எட்டு வாரங்களாகச் செய்துகொள்வது முறையன்று. பேருந்துச் செலவும் மதிய உணவும்கூடத் தராமல் உழைப்பை வாங்குவது, வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு உவப்பாக இருக்க முடியாது. சான்றிதழே கூலி என்று கூறுவோர் இருக்கிறார்கள். சான்றிதழைக் கொண்டு யாரும் பேருந்தில் ஏறுவதில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய பயிற்சி எட்டாமல் போவது இதனால்தான். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து பயணச் செலவை வழங்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஸதக்கா நிதியிலிருந்து தாராளமாக வழங்கலாம். ஜகாத் நிதியிலிருந்து என்றால், அம்மாணவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் அடங்குகிறாரா என்று பார்த்தே வழங்க வேண்டும். ஆயினும் அரசு தர வேண்டியதைச் சமுதாயம் தந்துவிட்டால் அரசின் கடமை தீர்ந்துவிட்டது என்று பொருளாகாது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, பயிற்சியாளர் கிளம்பிய பின் என்னாகும் என்பது. வக்ஃபு சொத்துக்கு முதவல்லி இல்லாவிட்டால் என்னாகும் என்று நமக்குத் தெரியும்: முதலாண்டில் வாடகை நிற்கும், சில ஆண்டுகளில் பத்திரம் காணாமற் போகும். தரவுத்தளமும் அப்படியே. கடவுச்சொல் யாரிடம், நகல் எங்கே எடுத்து வைக்கப்படுகிறது, புதிய வார்டு எல்லை வந்தால் எங்கே மாற்ற வேண்டும் என்பதை அறிந்த நிலையான ஊழியர் ஒருவரேனும் வேண்டும். அந்த மாணவி 40 பக்கங்களுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்து வந்தார். அதையும் தமிழில் எழுதினார், ஏனெனில் அதைப் படிக்க வேண்டிய இளநிலை உதவியாளருக்குத் தமிழே வசதி. இது நல்ல வேலை. ஆனால் அதைப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர் யார் என்று கேட்டால், இதுவரை எவரும் குறிக்கப்படவில்லை. பயிற்சி இடங்களை அறிவிக்கும் துறைகள், பொறுப்பேற்பவரின் பெயரையும் அந்த அறிவிப்பிலேயே வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் வீட்டுப் பக்கத்திலும் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நிகாஹ் தஃப்தர் இருக்கும். பல பள்ளிகளில் மையவாடியில் அடக்கப்பட்டவர்களின் குறிப்பேடும் இருக்கும். வீட்டில் இறந்தவரை அன்றே அடக்கம் செய்துவிடும் நம் வழக்கத்தால், நகராட்சியில் பதியாமலே விடுபடும் இறப்புகள் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம், அடக்கத்தலத்தைப் பராமரிப்பவருக்கும் இறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமையை விதித்திருக்கிறது. இது பல முதவல்லிகளுக்குத் தெரியாது. இறப்புச் சான்றில்லாமல் விதவையின் உதவித்தொகையும் நிற்கும். வாரிசுச் சான்றும் நிற்கும். மார்க்கப்படி பங்கு பிரிப்பதும் இழுபடும். மாதம் ஒருமுறை மையவாடிக் குறிப்பேட்டை நகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிடுவதற்கு, நிர்வாகத்தில் ஒருவருக்கு அரைமணி நேரம் போதும்.

எங்கள் மஹல்லாவின் குறிப்பேட்டை நான் பார்த்தேன். பழைய பக்கங்களில் ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண்களில் பலர் "காசிம் மகள்", "மைதீன் வீடு" என்று மட்டுமே இருக்கிறார்கள். அந்த மாணவியும் அவருடைய தோழிகள் இருவரும் அரையாண்டு விடுமுறையில் இதைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயரில்லாத பக்கங்களுக்காக, வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஊரின் மூத்த பெண்மணிகளைப் பெண்கள் மதரஸாவுக்கு அழைத்திருக்கிறோம். எந்தக் காசிமின் எந்த மகள் என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.